ராம்ப் போடுமுன் யாரைக் கூப்பிடுவது?

மார்த்தாண்டத்தில் என் சித்தப்பா மகன் கிளினிக் கட்டுகிறான். "அண்ணே, ராம்ப் எங்க போடணும்னு வந்து சொல்லு" என்று போன வாரம் கூப்பிட்டான். பதினொரு வருடமாக வீல்சேரில் இருக்கும் எனக்கு இந்த மாதிரி அழைப்பு புதிதல்ல. ஆனால் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான் பலருக்கும் என் நினைப்பு வரும். இவன் அஸ்திவாரத்திலேயே கூப்பிட்டான், புண்ணியவான். எஞ்சினியரிடமே விட்டுவிடலாமா, மாற்றுத்திறனாளிகள் புழங்கும்படி கட்டிடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் அணுகல் தணிக்கையாளரைச் சென்னையிலிருந்து வரவழைக்கலாமா, இல்லை என்னைப் போல நாலு பேரைக் கூட்டிக் காட்டினால் போதுமா என்று அவனுக்குக் குழப்பம்.

எஞ்சினியர் வழியில் தனிச் செலவு இல்லை. ஆனால் நம் ஊரில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம், போதாக்குறைக்கு ரோட்டை உயர்த்திக்கொண்டே போகிறார்கள். அதனால் தரையை மூன்றடி தூக்கித்தான் கட்டுவார்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது ராம்ப் கணக்கு. மூன்றடிக்கு 36 அடி வேண்டும். தம்பியின் எஞ்சினியர் பத்தடியில் வரைந்திருந்தார். அது பைக் ஏற்றும் சரிவு. அதில் வீல்சேர் ஏறினால் முன்சக்கரம் தூக்கி ஆளை மல்லாத்திவிடும். 18 அடி போய், ஐந்தடி சமதளத்தில் திரும்பி, இன்னொரு 18 அடி ஏறுகிற மாதிரி மடக்கிப் போட்டால் முப்பதடி முகப்பில் அடங்கும். வண்டி நிறுத்தும் இடத்தில் எட்டடிக்கு மேல் போய்விடும் என்பதால் பிளானிலேயே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

தணிக்கையாளர் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத பிளானுக்கு அனுமதியே கிடையாது. ஆனால் அந்தச் சட்டத்தின்கீழ் 2017இல் வந்த விதிகளில் அணுகல் பற்றிய 15(1)ஆம் விதி வெறும் பரிந்துரை போல இருந்ததால், உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அதைச் செல்லாது என்றது. வழக்கைப் போட்டவர் பார்வையற்ற ஒருவர், போட்டது 2005இல்! இதையெல்லாம் நான் சொன்னால் எஞ்சினியர் சிரிப்பார், பைண்டு போட்ட அறிக்கையில் இருந்தால் கேட்டுக்கொள்வார்.

ஆனால் அறிக்கைக்கு அகப்படாதவையும் உண்டு. ஓர் ஆஸ்பத்திரியில் கழிப்பறைக் கதவின் அகலம், கைப்பிடி எல்லாமே அளவுப்படி இருந்தன. கதவு மட்டும் பூட்டிக் கிடந்தது. உள்ளே துடைப்பமும் வாளியும். சாவி வைத்திருந்த வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். நான் காத்திருந்த அந்த இருபது நிமிஷத்தை டேப்பால் அளக்க முடியாது. நல்ல தணிக்கையாளர்கள் மாற்றுத்திறனாளிகளையும் கூட்டிவருவார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, அப்படியானால் எங்களையே கூப்பிட்டால் போதாதா? பளபளக்கும் கிரானைட் ராம்ப் ஆனி ஆடிச் சாரலில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கழிப்பறைக் கதவு உள்பக்கம் திறந்தால் வீல்சேர் உள்ளே போனபின் அதைச் சாத்த முடியாது என்பதும் தெரியும். ஆனால் என் கண் இருப்பது உட்கார்ந்த உயரத்தில். நான் "எல்லாம் சரி" என்று சொன்ன ஒரு சர்ச் ஹாலில், மறுவாரமே பார்வையற்ற நண்பர் ஒருவர் ஏசியின் வெளிப்பெட்டியில் நெற்றியை இடித்துக்கொண்டார். நான் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊன்றுகோலில் நடக்கும் சிலருக்கோ நீள ராம்ப்பைவிடக் கைப்பிடியுள்ள சின்னப் படிகளே லேசு. காது கேளாதவருக்கு டோக்கன் எண் திரையில் வர வேண்டும். ஆக, ஒருவரை மட்டும் கேட்டால் அவருக்குத் தோதான கட்டிடம்தான் கிடைக்கும்.

பள்ளிக்கூடம், மண்டபம் மாதிரிப் பெரிய கட்டிடம் என்றால் தணிக்கையாளரையே கூப்பிடுங்கள், உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தம்பியின் கிளினிக்குக்கு அவ்வளவு வேண்டாம். கட்டிட அணுகலுக்கான மத்திய அரசின் 2021 வழிகாட்டியை எஞ்சினியர் கையில் கொடுத்து, எங்களில் மூன்று பேரை அஸ்திவாரத்தில் ஒருமுறை, கதவு மாட்டுமுன் ஒருமுறை வரவழைத்தால் போதும். சும்மா இல்லை, காசு கொடுத்து. மற்ற எல்லோருக்கும் ஃபீஸ், அரை நாள் ஒதுக்கி ஆட்டோ பிடித்து வரும் எங்களுக்கு மட்டும் டீயும் பழ பஜ்ஜியுமா?

ராம்ப்பை மடக்கிப் போட தம்பி ஒத்துக்கொண்டான். நெற்றியில் இடிபட்ட நண்பரையும் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை போகிறேன். ஆட்டோ கூலி தருவதாகச் சொல்லியிருக்கிறான். ஃபீஸ் பேச்சை இன்னும் எடுக்கவில்லை.