பாசி எடுக்கும் பெண்களின் படத்தை எந்தத் தளத்தில் வைப்பது?

பாம்பன், மண்டபம் வட்டாரத்தில் சின்னச் சின்ன ஆவணப்படங்கள் எடுக்கிறேன். எதுவும் இருபது நிமிடத்தைத் தாண்டாது. தயாரிப்பாளரும் நான்தான், சுவரொட்டி ஒட்டுபவனும் நான்தான். யூடியூப், விமியோ, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்று காணொளி ஏற்றும் தளங்கள் மூன்றையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ‘எதில் ஏற்றலாம் அண்ணா?’ என்று கேட்டு வரும் தம்பிகள் படத் துல்லியம், கட்டணம், எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று வரிசையாக விசாரிப்பார்கள். அதெல்லாம் அப்புறம். ஏற்றி, இணைப்பை ஊருக்கெல்லாம் அனுப்பிய பிறகு படத்தில் ஓர் இடத்தை மாற்ற வேண்டி வந்தால் அந்தத் தளம் விடுமா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இது ஏன் பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்கே பாசி எடுக்கத் தடை. அந்தத் தீவுகளை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில்தான் இங்கத்திப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று கடற்பாசி எடுத்து வருகிறார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பு மாட்டி, இடுப்பில் வலைப்பையோடு முங்குகிற அவர்களை நான் படமாக்கினேன். வெட்டி முடித்து ஊரில் போட்டுக் காட்டியபோது ஓர் அக்கா சொன்னார்: “தம்பி, என் முகம் இருந்தால் இருக்கட்டும். பின்னால் தெரிகிறதே தீவு, அதை எடுத்துவிடு.”

அவர் சொன்னது நியாயம். முகம் மட்டும் இருந்தால் அது கடலில் நிற்கும் ஒரு பெண். பின்னால் தீவும் தெரிந்தால் அது வனத்துறைக்குக் கொடுக்கும் சாட்சி. ஆனால் படத்தின் இணைப்பு அதற்குள் சில திரைப்பட விழாக்களுக்குப் போயிருந்தது. விமியோவின் கட்டணக் கணக்கில் பழைய கோப்பின் இடத்தில் புதியதை வைக்கலாம். இணைப்பு, கடவுச்சொல், பார்வைக் கணக்கு எதுவும் மாறாது. தீவு இல்லாத வேறு ஷாட்டைப் போட்டு அன்றிரவே மாற்றினேன். யூடியூபில் இந்த வசதி கிடையாது. ஏற்றியதை வெட்டிக் குறைக்கலாம். முகத்தை மங்கலாக்கும் கருவி 2012 முதல் இருக்கிறது. ஆனால் ஒரு ஷாட்டுக்குப் பதில் இன்னொன்று, சரிசெய்த ஒலி, படத்தின் மேலேயே பதித்த துணைத்தலைப்பைத் திருத்திய பிரதி என்றால் புதிதாக ஏற்றி, புது இணைப்பை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். விழாக்காரர்கள் பழைய இணைப்பைத்தான் திறப்பார்கள், பந்தயம் கட்டலாம்.

அடுத்தது கடல். நகரத்தில் நேர்காணல் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. ஒரு தளம் நம் கோப்பைச் சுருக்கும்போது முந்தைய பிரேமில் இருந்த சதுரங்கள் அடுத்த பிரேமில் எங்கே நகர்ந்தன என்று தேடி, மாறியதை மட்டும் சேமிக்கிறது. சுவர் முன்னால் உட்கார்ந்து பேசும் மனிதருக்கு அது போதும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் நுரை தள்ளும் தென்கடலை, அதாவது மன்னார் வளைகுடாவைக் காட்டினால் எந்தச் சதுரமும் அடுத்த பிரேமில் இல்லை. வெயில் மினுக்கும் ஒவ்வோர் அலையும் புதிது. ஒவ்வொரு நொடிக்கும் ஒதுக்கிய தரவு (பிட்) தீர்ந்து, கடல் கட்டம் கட்டமாக உடைகிறது. பாக் நீரிணைப் பக்கம் கண்ணாடி மாதிரிக் கிடக்கும் வடகடல் அதே தளத்தில் அழகாக வருகிறது! தண்ணீருக்கடியில் எடுத்ததுதான் இன்னும் மோசம். மிதக்கும் தூசி முழுவதும் சேறாகிவிடும். பொழுது சாயும் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழும்.

இதற்குக் கண்ட வழி: 1080பி என்ற முழு எச்.டி. அளவில் எடுத்த படமாக இருந்தாலும் யூடியூபுக்கு 4கே அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றுகிறேன். 4கே கோப்புகளைப் பொதுவாக வி.பி.9 என்ற கோடெக்கில் (படத்தைச் சுருக்கும் முறை), கூடுதல் பிட் கொடுத்துச் சுருக்குகிறார்கள். பார்ப்பவர் முழுத் துல்லியத்தில் வைத்தால் அலைகள் ஓரளவு பிழைக்கும். விமியோவில் அதே அலைகள் என் கண்ணுக்குக் கொஞ்சம் மென்மையாகத் தெரிகின்றன. ஆனால் செல்பேசியின் ஆறங்குலத் திரையில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவருக்கு நான் பரிசே தருவேன். படத் துல்லியத்துக்காக மட்டும் பணம் கட்டாதீர்கள்.

ஏற்றுவதைப் பற்றி ஒரு கணக்கு. குறைவாகவே சுருக்கும் புரோரெஸ் 422 எச்.க்யூ. கோடெக்கில் இருபது நிமிட 1080பி படம் ஏறத்தாழ 27 ஜி.பி. வரும். 5 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 5 மெகாபிட்) வேகத்தில் ஏற்றினால் 12 மணி நேரம், அதுவும் நடுவில் மின்சாரம் போகாமல் இருந்தால். அதையே நன்றாகச் சுருக்கும் எச்.264 கோடெக்கில் 20 எம்.பி.பி.எஸ். வைத்து எடுத்தால் 3 ஜி.பி., 80 நிமிடம். தளம் எப்படியும் திரும்பச் சுருக்கத்தான் போகிறது. மாஸ்டர் கோப்பு வீட்டில் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். உப்புக்காற்றுக்கு ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும்.

இனி, யார் பார்க்கிறார்கள் என்பது. விழா நடுவர்களுக்குக் கடவுச்சொல் போட்ட இணைப்பு. பல விழாக்கள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்ட படத்தை ஏற்பதில்லை என்பதால் இது கட்டாயம். யூடியூபில் கடவுச்சொல் கிடையாது. தேடலில் காட்டாத, ‘பட்டியலிடாத’ இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் திறக்கும், தனிப்பட்டதாக வைத்தால் பார்ப்பவருக்குக் கூகுள் கணக்கு வேண்டும். படத்தில் இருக்கும் அக்காக்களில் பலருக்கு அந்தக் கணக்கைக் கடைக்காரரோ மகனோ போட்டுக் கொடுத்திருப்பார்; அதன் முகவரி அவர்களுக்கே தெரியாது. அதனால் அவர்களுக்கும் விமியோதான், ஆனால் கடவுச்சொல் முழுவதும் எண்கள். ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வைத்தபோது ஒருவரும் திறக்கவில்லை. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-ஐ 1504 என்று வைத்தேன். யாருக்கும் இரண்டாம் முறை சொல்ல வேண்டி வரவில்லை.

கட்டணக் கணக்கில் வருகிற பார்வை விவரங்கள் வரமா சாபமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இணைப்பை யார் எந்த ஊரிலிருந்து திறந்தார், எவ்வளவு தூரம் பார்த்தார் என்று ஓரளவு தெரிகிறது. ‘உங்கள் படத்தை நடுவர் குழு மிகுந்த ஈடுபாட்டோடு பரிசீலித்தது’ என்று ஒரு விழாவிலிருந்து வருத்தக் கடிதம் வந்தது. விவரத்தைப் பார்த்தால் ஈடுபாடு தலைப்பு எழுத்துகள் முடிகிற இடத்தில் முடிந்திருந்தது. நுழைவுக் கட்டணம் அதற்குத் தனி.

எல்லோருக்கும் திறந்துவிடும் நாள் வந்துவிட்டால் யூடியூபுக்கு மாற்றே இல்லை. தேடி வரும் கூட்டம் அங்கேதான் இருக்கிறது. வருமானத்தை நம்ப வேண்டாம்: விளம்பரப் பங்கு வேண்டுமானால் 1000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். படத்தில் வரும் வல்லத்தில் (மீன்பிடிப் படகு) யாரோ சினிமாப் பாட்டு போட்டிருந்தால், உரிமையுள்ள பாட்டைக் கண்டுபிடிக்கும் யூடியூபின் ‘கன்டென்ட் ஐடி’ அதைப் பிடித்துவிடும். வரும் சில்லறையும் பாட்டு உரிமையாளருக்குப் போகும், அல்லது படமே முடங்கும். ஒலிப்பதிவின்போதே பாட்டை நிறுத்தச் சொல்வது நல்லது. மனம் வராதுதான்.

விமியோவில் படத்தை விற்கலாம். 2013-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் செலவு போக 90 சதவீதம் படைப்பாளிக்கு. தாராளம்தான், ஆனால் வாங்குபவரை நாம்தான் அழைத்துவர வேண்டும். பார்ப்பவர்களுக்குப் போகும் தரவுக்கு விமியோ வைத்திருக்கும் மாதம் 2 டெராபைட் எல்லையை நினைத்துச் சிலர் பயப்படுகிறார்கள். என் படம் அந்த எல்லையைத் தொட்டால் ஊருக்கே விருந்து வைப்பேன். இன்டர்நெட் ஆர்க்கைவ் இலவசம். மூலக் கோப்பையே பிறர் இறக்கிக்கொள்ளலாம். பொது உரிமத்தில் விட நினைக்கும் பழைய படங்களை அங்கே வைக்கிறேன். 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் அது சில நாள் முடங்கிக் கிடந்தது. 2014 டிசம்பரில் நம் அரசு 32 தளங்களை முடக்கச் சொன்ன பட்டியலில் விமியோ, டெய்லிமோஷன், ஆர்க்கைவ் மூன்றும் இருந்தன. ஒரே தளத்தை நம்பி உட்காராதீர்கள் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

பணம் கட்டுவதில் ஒரு தலைவலி. விலை டாலரில். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்த பிறகு, அட்டையில் தானாகப் போய்க்கொண்டிருந்த சந்தாக்கள் பலருக்கும் நின்றன. புதுப்பிக்கும் தேதியை நாமே குறித்துவைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. சந்தா நின்று கட்டணக் கணக்கு இலவசக் கணக்காக இறங்கிவிட்டால், நடுவர் இணைப்பைத் திறக்கும் நேரத்தில் என்ன தெரியும் என்பது நம் கையில் இல்லை.

2025 செப்டம்பரில் இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் நிறுவனம் விமியோவை 138 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்து, நவம்பரில் வாங்கியும் முடித்தது. புது முதலாளி கட்டணத்தை என்ன செய்வார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோப்பை மாற்றும் வசதியும் கடவுச்சொல்லும் இருக்கும்வரை விழாப் படங்களை அங்கேயே வைத்திருப்பேன். அடுத்த முறை ஆண்டுச் சந்தா மட்டும் வேண்டாம், மாதாமாதம் கட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.