கையெழுத்து வாங்க எந்த மார்க்கர்? யூனி பெயின்ட் பிஎக்ஸ்-21: வடசென்னை இசை ரசிகர்களுக்கான விமர்சனம்

பேர்பெற்ற ஒரு பாடகரையோ வித்வானையோ வழியில் பார்த்துவிட்டால் அவர் நமக்காக நிற்பது மிஞ்சிப்போனால் அரை நிமிஷம். அதில் பாதியைப் பேனாவே தின்றுவிடுகிறது. மூடி திறக்க வராது, மை இறங்காது, வழவழப்பான அட்டையில் எழுத்து விழாது. உதறிப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் வேறு பேனா கேட்டு வாங்குவதற்குள் சுற்றிலும் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். அதனால் கையெழுத்துக்கான மார்க்கரை எடைபோட ஒரே கேள்விதான்: எதிரே நிற்கும் கலைஞரை இது எவ்வளவு சீக்கிரம் அவர் வழியில் போகவிடும்? நிறம், விலை, மினுமினுப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

பிஎக்ஸ்-21 என்பது ஜப்பானின் மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் ‘யூனி’ என்ற பெயரில் விற்கும் எண்ணெய்ப் பெயின்ட் மார்க்கர். உலோக உடம்பு, உள்ளே பெயின்ட்டைக் கலக்க ஒரு குண்டு, 0.8 முதல் 1.2 மில்லிமீட்டர் கோடு விழும் நிப். இதற்கு அண்ணனான பிஎக்ஸ்-20இல் கோடு 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர் வரை தடிக்கும். கடையில் தடித்ததைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். தமிழில் கையெழுத்துப் போடுகிறவருக்கு அது ஆகாது. ‘ண’வின் சுழிகளும் ‘ழ’வின் வளைவும் பெயின்ட் நிரம்பி ஒரே பொட்டாகிவிடும். 21ஐயே கேட்டு வாங்குங்கள். கறுப்பு ஒன்று, சில்வர் ஒன்று, இரண்டு போதும். வெளிர் அட்டைக்குக் கறுப்பு, அடர்நிற அட்டைக்கு சில்வர். சாதாரண பர்மனென்ட் மார்க்கரைவிட விலை பல மடங்கு. பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவைச் சுற்றியுள்ள ஸ்டேஷனரிக் கடைகளில் தேடலாம். எங்கே வாங்கினாலும், கடையிலேயே மூடியோடு குலுக்கிப் பாருங்கள். குண்டு ‘டக் டக்’ என்று தாராளமாக ஓட வேண்டும். சத்தமே வராவிட்டால் உள்ளே பெயின்ட் இறுகத் தொடங்கியிருக்கலாம். அந்தப் பேனா வேண்டாம்.

புது மார்க்கரின் நிப் வெள்ளையாகக் காய்ந்திருக்கும். அதை அப்படியே கலைஞரிடம் நீட்டினால் காரியம் கெட்டது. வீட்டிலேயே மூடியோடு இருபது முப்பது தடவை குலுக்குங்கள். பிறகு மூடியைத் திறந்து, நிப்பைப் பழைய பேப்பரில் செங்குத்தாக வைத்து மெல்ல அழுத்தி அழுத்தி எடுங்கள். உள்ளே இருக்கும் வால்வு ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கொஞ்சம் பெயின்ட்டை இறக்கும். நிப் முழுக்க நிறம் ஏறியதும் நிறுத்திவிட வேண்டும். அவசரப்பட்டு இன்னும் நாலு அழுத்து அழுத்தினால் சொட்டாகக் கொட்டும், வேட்டியில் பட்டால் சோப்புக்குப் போகாது. நான்கு கோடு இழுத்துப் பார்த்து மூடிவிடுங்கள். கச்சேரிக்குக் கிளம்பும் அன்றும் இதை ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். வெயிலில் நிற்கும் பைக் பெட்டிக்குள் வைக்காதீர்கள். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, மூடியைத் திறந்ததும் பெயின்ட் பொங்கி வழியும். அது வழிவது கலைஞரின் விரலில்.

இதன் பெரிய குறை நெடி. எண்ணெய்ப் பெயின்ட்டின் கரைப்பான் வாடை திறந்த வெளியிலேயே மூக்கில் ஏறும். கார் கண்ணாடி வழியாகவோ, மேடைக்குப் பின்னால் காற்றோட்டமில்லாத அறையிலோ, இரண்டரை மணி நேரம் பாடி முடித்த தொண்டைக்கு முன்னால் இதைத் திறப்பது பெரிய தப்பு. வாய்ப்பாட்டுக் கலைஞரிடம் போகிறீர்கள் என்றால் பெயின்ட் மார்க்கரை விட்டுவிட்டு, நெடியில்லாத பிக்மென்ட் (நுண்ணிய நிறத்துகள் கலந்த) மைப் பேனாவும் அது ஏறக்கூடிய சொரசொரப்பான தாளும் கொண்டுபோங்கள். சகுரா பிக்மா மைக்ரான் 08 இதற்கு அருமையான பேனா. கோடு அரை மில்லிமீட்டர், மை தண்ணீரில் கரையாது, வெளிச்சத்தில் எளிதில் வெளுக்காது. வழவழப்பான போட்டோவில் மட்டும் அது காயாமல் இழுபடும்.

எல்லோர் பையிலும் கிடக்கும் ஸ்பிரிட் வகை பர்மனென்ட் மார்க்கரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சட்டென்று எழுதும், சில விநாடியில் காயும், எளிதில் கிடைக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சாய மை. வெயில் விழும் சுவரில் மாட்டினால் சில வருஷத்தில் கறுப்பு பழுப்பாகி, பிறகு நிழல் போலத் தேய்ந்துபோகும். ஆல்பத்துக்குள் வைக்கப்போகிறீர்கள் என்றால் அதுவே போதும், பெயின்ட் மார்க்கருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. தண்ணீர் வகை அக்ரிலிக் மார்க்கரான போஸ்கா நெடியில்லாதது, நிறமும் அழகு. ஆனால் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்று ஈரத்தோடு வீசும் சாயங்காலங்களில் அது காய நேரம் பிடிக்கும், பைக்குள் வைத்த கையோடு ஈஷிக்கொள்ளும். பால்பாயின்ட் பேனா எதற்குமே வேண்டாம், அழுத்திய தடம் மட்டும்தான் மிஞ்சும்.

எதில் கையெழுத்து வாங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். பழைய எல்பி இசைத்தட்டின் அட்டைதான் பிஎக்ஸ்-21க்கு மிகப் பொருத்தமான இடம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு சென்ட்ரல் பக்கத்து வளாகத்துக்கு மாறிய பழைய சாமான் கடைகளில் தேடி எடுத்த அட்டையாக இருந்தால் முதல்நாளே தூசி துடைத்துவிடுங்கள், எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பெயின்ட் நிற்காது. தட்டை வெளியே எடுத்துவிட்டு அட்டையை மட்டும் கொண்டுபோங்கள். சிடியின் மேல்பக்கத்தில் எழுதச் சொல்லக் கூடாது. பாட்டு பதிந்த படலம் அந்த அச்சுக்கு நேர் கீழே, மெல்லிய லாக்கர் பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. உள்ளே வரும் காகிதத்தில் வாங்குங்கள். கிட்டாரென்றால் திருகாணி கழற்றி, அதன் முகப்பைக் கீறலிலிருந்து காக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டை மட்டும் கொண்டுபோவது உத்தமம். அரக்குப் பாலிஷ் போட்ட வீணையில் ஸ்பிரிட் மார்க்கர் படவே கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், எழுத்தோடு பாலிஷும் போகும். பறையிலும் மிருதங்கத்திலும் தோலைத் தொடாமல் கட்டையில் எழுதச் சொல்லலாம். பறையை அனலில் காய்ச்சுவார்கள். ஈரப் பெயின்ட்டோடு நெருப்புப் பக்கம் போகவே கூடாது.

இனி ஆளை அணுகும் விஷயம். மார்க்கர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கொடுக்கும் கைக்குப் பக்குவம் வேண்டும். மூடியை நீங்கள் கழற்றி உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நிப் உங்கள் பக்கமும் உடம்பு அவர் பக்கமுமாக நீட்டுங்கள். அட்டைக்குக் கீழே பள்ளிக்கூடப் பரீட்சை அட்டை ஒன்றை வைத்து கிளிப்பில் மாட்டி, நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். பேரெழுதித் தர வேண்டுமென்றால் ஒரு துண்டுச் சீட்டில் பெரிதாக எழுதி ஓரத்தில் ஒட்டிவிடுங்கள், எழுத்துக்கூட்டிச் சொல்லும் நேரம் மிச்சம். வெறும் வெள்ளைத்தாளை யாரிடமும் நீட்டாதீர்கள். மேலே என்ன வேண்டுமானாலும் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்பதால் பலர் அதில் போடத் தயங்குவார்கள். ஒருவருக்கு ஒரு கையெழுத்து. பையிலிருந்து இரண்டாவது அட்டையை உருவினால் அடுத்து நிற்பவருக்குக் கிடைக்காது.

இசைக் கலைஞரின் கை அவர் பிழைப்பு. கச்சேரி முடிந்து இறங்கும் தவில்காரரின் வலது கை விரல்களில் கூடு மாட்டியிருக்கும். அவராகக் கழற்றி, விரலை நீவிவிட்டுக்கொள்ளும்வரை பேனாவைக் காட்டக் கூடாது. மிருதங்க வித்வான் தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத் தோலில், அப்பிய ரவையைச் சுரண்டி எடுத்துக் கையைத் துடைக்கட்டும். வீணைக் கலைஞர்கள் தந்தியில் விரல் வழுக்கி ஓட இடது கையில் எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். போட்டோவை அவர்கள் கையில் கொடுத்தால் விரல் ரேகை அப்படியே பதிந்துவிடும். பரீட்சை அட்டையை நீங்களே பிடிக்கச் சொன்னது இதற்காகவும்தான். இறுக்கிக் கைகுலுக்குவது யாரிடமும் வேண்டாம், கும்பிடு போதும். நாகஸ்வரத்தில் தொங்கும் சீவாளியை ‘இது என்ன?’ என்று தொட்டுப் பார்ப்பதைப்போல ஒரு கொடுமை கிடையாது. அது அவர் உதட்டில் வைப்பது.

பேச்சு இரண்டு வாக்கியம் இருந்தால் நிறைவு. ‘உங்க பெரிய ரசிகன் சார்’ என்பதை அவர்கள் தினமும் கேட்கிறார்கள். ‘இன்னிக்கு அந்தக் காம்போதி ஆலாபனையில மேல் ஸ்தாயிக்குப் போய் நின்னீங்களே, அது ரொம்ப நல்லா இருந்தது’ என்று குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள், முகம் மலரும். கானா பாடகரென்றால் ‘அண்ணே, நேத்து மேடையில புதுசா ஒண்ணு கட்டினீங்களே’ என்று தொடங்கலாம். தெருவில் வைத்து இரண்டு வரி பாடிக்காட்டச் சொல்வதும், நம் வீட்டுப் பிள்ளையின் பாட்டை போனில் போட்டுக் காட்டுவதும் அவரைச் சங்கடப்படுத்தும். பக்கவாத்தியக்காரருக்கும் ஒரு வணக்கம் சொல்லுங்கள். அவரைத் தாண்டி, அவர் தோளுக்கு மேலே கையை நீட்டி முதன்மைக் கலைஞரிடம் அட்டையைக் கொடுப்பதைப் பார்க்கவே மனசு கஷ்டப்படும்.

வடசென்னைக்குப் பெரிய கலைஞர்கள் புதிதல்ல. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து அங்குள்ள அம்மன் திரிபுரசுந்தரி மேல் கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுனில் இருந்தவர். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அவர் வீட்டுக்குப் போய் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்து கேட்டார்கள். அப்படிக் கேட்ட ஊரில், கலைஞரின் பொழுதை அறிந்து நடப்பதுதான் முறை. மேடையேறும் முன் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பவரிடம் போகாதீர்கள், இறங்கித் தண்ணீர் குடித்த பிறகு போங்கள். கந்தகோட்டத்திலோ காளிகாம்பாள் கோயிலிலோ சன்னிதி முன் நிற்பவர் சாமி கும்பிட வந்திருக்கிறார், வெளியே வந்து செருப்பு மாட்டும்வரை காத்திருங்கள். பர்மா பஜார் பக்கம் பர்மிய நூடுல்ஸான அத்தோ சாப்பிடுகிறவரின் கையில் தட்டு இருக்கிறது. மெட்ரோ 2021இல் விம்கோ நகர் வரை வந்துவிட்டது, ஒரே பெட்டியில் எதிர் இருக்கையில் அவர் உட்கார்ந்திருக்க நேரலாம். ஓடும் வண்டியில் அவரால் எழுந்து போக முடியாது. அதனால் தலையசைத்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். அவர் இறங்கும் நிலையத்தில் நீங்களும் இறங்குவதாக இருந்தால் பிளாட்பாரத்தில் கேட்கலாம்.

ஒரு இடத்தில் மட்டும் எந்தப் பேனாவும் வெளியே வரக் கூடாது: சாவு வீடு. மரண கானா பாட வந்தவர் எவ்வளவு பேர்பெற்றவராக இருந்தாலும், அங்கே அவர் செத்தவருக்காகவும் அந்தக் குடும்பத்துக்காகவும் பாடுகிறார். செல்ஃபி கேட்பதும், போனைத் தூக்கி நேரலை போடுவதும் அந்த வீட்டை அவமதிப்பது. ஆடி மாசம் அம்மன் கோயில் மேடையில் அதே பாடகர் வருவார், அங்கே கேளுங்கள், சந்தோஷமாக நிற்பார்.

போட்டோவும் வேண்டுமென்றால் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கேமரா திறந்திருக்கட்டும், ஃபிளாஷ் அணைந்திருக்கட்டும், எடுக்கிறவரிடம் முன்கூட்டியே போனைக் கொடுத்துவிடுங்கள். தோளில் கைபோடுவது நாமாகச் செய்யக் கூடாதது, பெண் கலைஞர்களிடம் கட்டாயம் ஒரு கை தூரம் தள்ளியே நிற்க வேண்டும். படத்தை ஸ்டேட்டஸில் போடுவது அவர் அந்த இடத்தை விட்டுப் போன பிறகு. இல்லாவிட்டால் கால் மணியில் கூட்டம் வந்து அவர் டீயைக்கூட முடிக்க மாட்டார். ‘இப்ப வேணாம்பா’ என்றால் ‘சரிங்கண்ணே, நல்லா இருங்க’ என்று ஒதுங்கிவிட வேண்டும், கார் வரை பின்தொடர்வது கூடாது. அவருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ, என்ன உடம்போ.

கையெழுத்து வாங்கியதும் அட்டையை உடனே பைக்குள் திணிக்காதீர்கள். தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஆறப் பத்து நிமிஷமாவது கிடைமட்டமாகப் பிடித்திருங்கள், முழுசாக இறுக ஒரு ராத்திரி விடுங்கள். அதன்மேல் வார்னிஷ் ஸ்ப்ரே அடிப்பதாக இருந்தால் அதே மார்க்கரால் வேறொரு அட்டையில் கிறுக்கி அடித்துப் பாருங்கள், சில ஸ்ப்ரேக்கள் எழுத்தையே கரைத்து ஓடவிடும். பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் ஒட்டிக்கொண்டு பெயின்ட்டை உரித்தெடுக்கும். பாலிபுரொப்பிலீன் உறையில் போட்டு, நம் ஊர் ஈரத்துக்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மார்க்கரைப் படுக்கை வாட்டத்தில் வைத்து, மாசத்துக்கு ஒருமுறை குலுக்கி ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.