பழைய ஐ5 கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட், ஸ்டீம், புரோட்டான்: ஐந்து மாதம் விளையாடிப் பார்த்த பிறகு

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு பார்க்கிறேன். இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்தால், பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை கேம். நாள் முழுவதும் பில்லும் ரசீதுமாக இருந்தவனுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் ரொம்பப் பெரிது. அதனால்தான் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது என்றதும் கவலை வந்துவிட்டது. என்னிடம் இருப்பது இன்டெல் ஐ5-7400, ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஓராண்டு நீட்டிப்பு உண்டு என்றார்கள், ஆனால் அது தவணையைத் தள்ளிப்போடுவதுதானே. 16 ஜிபி ராம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு, எல்லாமே நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. நன்றாக ஓடும் ஒரு பொருளைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது. தீபாவளி முடிந்த வாரம், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன்.

நிறுவுவதில் சொல்ல ஒன்றுமில்லை, அரை மணி நேர வேலை. ஏஎம்டி கார்டுக்குத் தனியாக டிரைவர் போடவே இல்லை, லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் மின்ட்டில் உள்ள டிரைவர் மேனேஜரைத் திறந்து ஒருமுறை டிரைவரைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கேம்களை வாங்கி ஆடும் ஆன்லைன் கடையான ஸ்டீமை நிறுவி உள்ளே போனதும் என் பழைய கேம்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. யூரோ டிரக் சிமுலேட்டர் 2 லினக்ஸுக்கென்றே வெளியான கேம், அதில் வியப்பில்லை. விட்சர் 3-ஐ அப்படிச் சொல்ல முடியாது. அது முழுக்க விண்டோஸ் கேம். அதை ஓட வைப்பதுதான் புரோட்டான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பலர் இதை எமுலேட்டர் (ஒரு கம்ப்யூட்டரையே மென்பொருளால் போலி செய்வது) என்று நினைத்து, வேகம் பாதியாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். கேம் விண்டோஸைப் பார்த்து 'இந்தக் கோப்பைத் திற', 'இந்த முக்கோணத்தைத் திரையில் வரை' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு துபாஷி நின்று, அதை அப்படியே லினக்ஸுக்குப் புரியும்படி சொல்கிறது. கோப்பு, விண்டோ போன்றவற்றுக்கு வைன். இது 1993-இல் தொடங்கிய திட்டம். படம் வரைவதற்கு டிஎக்ஸ்விகே, விண்டோஸின் டைரக்ட்3டி கட்டளைகளை, லினக்ஸில் படம் வரையப் பயன்படும் வல்கனுக்கு மாற்றித் தருவது. இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டி, 2018 ஆகஸ்டில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் ஸ்டீமுக்குள்ளேயே வைத்தது. அதற்குப் பெயர்தான் புரோட்டான். 2015-இல் ஸ்டீம் மெஷின் என்று லினக்ஸ் பெட்டிகளை விற்றுப் பார்த்தபோது கேம்கள் போதாமல் அந்த முயற்சி படுத்துவிட்டது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக்குக்கு அந்தக் குறை இல்லை, அதற்கு முக்கியக் காரணம் புரோட்டான். அந்தக் கையடக்கக் கருவிக்காகச் செய்த வேலையெல்லாம் என் பழைய டெஸ்க்டாப்புக்கும் வந்து சேர்கிறது. அதை நினைத்தால் உண்மையாகவே நன்றி சொல்லத் தோன்றுகிறது.

முதல் நாள் இரவு மட்டும் சோர்ந்து போனேன். விண்டோஸ் காலத்தில் கேம்கள் வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் அப்படியே இருந்தது. மறுபடி 50 ஜிபி இறக்குவானேன் என்று அதையே ஸ்டீமுக்குக் காட்டினேன். பச்சை நிறத்தில் பிளே பட்டன் வந்தது. அமுக்கினால் நீலமாகி ஸ்டாப் என்று காட்டும். ஐந்து விநாடி கழித்து மறுபடி பச்சை, மறுபடி பிளே. பிழைச் செய்தி எதுவும் இல்லை. புரோட்டான் பதிப்பை மாற்றினேன், கேமை அழித்துப் போட்டேன், மணி ஒன்றாகிவிட்டது.

மறுநாள்தான் விஷயம் புரிந்தது. அந்த டிஸ்க் என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸ் முறையில் ஃபார்மட் செய்தது. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் தனியாக ஒரு போலி சி டிரைவ் உருவாக்குகிறது, அதற்கு லினக்ஸ் முறையில் ஃபார்மட் செய்த இடம் வேண்டும். என்டிஎஃப்எஸ்-இல் அது தடுமாறும். கேம் ஃபோல்டர்களை இன்னொரு டிஸ்குக்கு நகலெடுத்து, இதை லினக்ஸ் முறையான எக்ஸ்ட்4 ஆக்கி, திருப்பி வைத்தேன். அன்று இரவு பிளே அமுக்கியதும் ஷேடர்களை (திரையில் ஒளி, நிறம் வரையும் சிறு நிரல்கள்) தயாரிக்கிறேன் என்று ஒரு பட்டை நகர்ந்தது. என் நாலு கோர் சிப்பில் அது ஆறேழு நிமிடம் எடுத்தது. ஸ்கிப் என்று ஒரு பட்டன் இருக்கும், அதைத் தொடாதீர்கள். முதல் தடவை பொறுமையாக விட்டுவிட்டால் அப்புறம் நடுவில் திக்கித் திக்கி ஓடுவது வெகுவாகக் குறையும். பட்டை முடிந்தது, இசை வந்தது. விட்சர் 3-இல் நான் விட்டுச் சென்ற அதே சத்திரத்து வாசலில், அதே மழையில், குதிரை நின்றது. சேவ் கோப்பு கிளவுடிலிருந்து தானாக வந்திருக்கிறது.

வேகம்? 1080பி, ஹை, டைரக்ட்எக்ஸ் 11: காட்டுப் பகுதியில் விநாடிக்கு 55 முதல் 60 ஃபிரேம். கேமில் வரும் நோவிகிராட் நகரத்துச் சந்தைக்குள் நுழைந்தால் 45-க்கு இறங்கும். விண்டோஸிலும் அந்தச் சந்தையில் எனக்கு இதே கதைதான், சிப் அவ்வளவுதான் தாங்கும். ஹேடீஸ் என்ற கேமில் ஒரு குறையும் இல்லை. எபிக் கடையில் வாங்கியவற்றுக்கு லினக்ஸில் அதிகாரபூர்வ லாஞ்சர் கிடையாது, ஆனால் ஹீரோயிக் என்ற இலவச மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. ஒரு கேம் வாங்குவதற்கு முன் புரோட்டான்டிபி தளத்தில் அதன் பெயரைத் தேடி, மற்றவர்களுக்கு எப்படி ஓடியது என்று பார்த்துவிடுவது இப்போது பழக்கமாகிவிட்டது.

'வெண்பா'வையும் இதில்தான் ஆடினேன். டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அழிந்துபோன எழுத்துகளோடு அம்மாவின் சமையல் குறிப்பேடு, முதல் சமையலே இட்லி. என் அம்மா பின்னால் வந்து நின்றுகொண்டார். "முதல்ல கொப்பரையில தண்ணி ஊத்துடா" என்றார். கேம் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் முறை. முடியும் வரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

இனி குறை. இது சின்னக் குறை இல்லை.

சென்னையில் இருக்கும் அக்கா பையனும் நானும் சனிக்கிழமை இரவு ஒரு ஆன்லைன் ஷூட்டர் ஆடுவோம். பெயர் வேண்டாம். லினக்ஸுக்கு மாறியதும் அது எனக்குத் திறக்கவே இல்லை. "என்ன மாமா, ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்தியிருக்கலாம்ல" என்றான். அவன் கேட்டது நியாயம்தான். பிரச்சினை ஆன்டி-சீட்டில், அதாவது ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் மென்பொருளில், இருக்கிறது. உதாரணத்துக்கு, வேலரன்ட் என்ற ஷூட்டரின் வேன்கார்ட் விண்டோஸின் கெர்னல் என்னும் மையப் பகுதிக்குள் உட்கார்ந்து காவல் காக்கிறது, லினக்ஸில் அதற்கு இடமே இல்லை. பல கேம்கள் பயன்படுத்தும் ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன, ஆனால் கேம் நிறுவனம் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டவர்களும் மனம் மாறலாம்: லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ஏமாற்றுக்காரர்களைக் காரணம் காட்டி 2024 அக்டோபர் இறுதியில் கதவைச் சாத்தியது. காசு கொடுத்து ஸ்கின் (கேரக்டருக்கான அலங்காரம்) வாங்கியவர்களும் வெளியேதான் நின்றார்கள். இதற்கு நம் பக்கத்தில் எந்த வைத்தியமும் கிடையாது.

எனவே மாறுவதற்கு முன் உங்கள் கேம்களை மட்டும் பார்க்காதீர்கள், நீங்கள் யாரோடு ஆடுகிறீர்களோ அவர்களுடைய கேம்களையும் பாருங்கள். தனியாக ஆடுபவர் என்றால், என்னைப் போலப் பழைய கம்ப்யூட்டர் என்றால், தயங்காமல் போடலாம். ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். நண்பர்களோடு போட்டி ஷூட்டர்தான் உங்கள் கேம் என்றால், விண்டோஸை அழிக்காமல் இன்னொரு எஸ்எஸ்டியில் லினக்ஸைப் போட்டுப் பாருங்கள்.

நாங்கள் இப்போது லெஃப்ட் 4 டெட் 2-க்கு மாறிவிட்டோம். 2012-இல் வால்வ் லினக்ஸில் ஓட்டிப் பார்த்து, விண்டோஸ் 7-இல் 270.6 ஃபிரேம், லினக்ஸில் 315 என்று அறிவித்த அதே கேம். அவன் விண்டோஸில், நான் மின்ட்டில், ஒரே அணி. போன சனிக்கிழமை ஷாப்பிங் மாலில் காருக்கு 13 கேன் பெட்ரோல் சேர்க்க வேண்டிய கட்டம். பன்னிரண்டு ஊற்றியாகிவிட்டது. கடைசிக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தவன் படிக்கட்டில் விழுந்து, "மாமா, மாமா, இங்க!" என்று கத்தினான். காரை விட்டுவிட்டு ஓடினேன்.