நேனி விலகும் மாதத்தில் பேசிக் பே டூல்ஸ்: வரிக்கு நம்பலாம், பாக்கிக் கணக்கை நீங்களே போடுங்கள்

பிரிட்டனில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு ஒரு நேனியை அமர்த்தினால் சட்டப்படி நீங்கள் முதலாளி, அவர் ஊழியர். பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு வரித்துறையான ஹெச்எம்ஆர்சி இலவசமாகத் தரும் சம்பள மென்பொருள் பேசிக் பே டூல்ஸ். சாதாரண மாதங்களில் அதில் பெரிய குறை சொல்வதற்கில்லை. நேனி வேலையை விடும் மாதம்தான் சோதனை.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். விலகும் தேதியைப் பதிந்து, சம்பள நாளன்றோ அதற்கு முன்போ எஃப்பிஎஸ் என்ற சம்பள விவர அறிக்கையை ஹெச்எம்ஆர்சிக்கு அனுப்பினால் வரியும் தேசியக் காப்பீடும் சரியாகக் கழியும். வேலையை விடுபவருக்கு அதுவரையான சம்பளத்தையும் வரியையும் காட்டித் தரும் பி45 படிவத்தையும் எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் எந்தத் தொகைக்கு வரி என்பதை அது தீர்மானிக்காது. சண்டை வருவதோ அந்தத் தொகையில்தான்.

நோட்டீஸையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாதம் வேலை செய்த நேனி, தானாக விலகினால் சட்டப்படி ஒரு வாரம் சொன்னால் போதும். நீங்கள் நிறுத்தினால் இரண்டு ஆண்டு வரை ஒரு வாரம். அதன் பிறகு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வாரம், அதிகபட்சம் 12. மூன்று ஆண்டு முடித்தவரை ஒரு வார நோட்டீஸில் அனுப்பிவிட்டு 'இரு பக்கமும் ஒன்றுதானே' என்று சொல்வது எடுபடாது. ஒப்பந்தம் இதைவிடக் கூடுதலாகத் தரலாம், குறைக்க முடியாது. நோட்டீஸுக்குப் பதில் பணமாகக் கொடுத்தால் அதற்கும் வரி உண்டு.

அதிகம் பிசகுவது விடுமுறைக் கணக்கு. ஆண்டுச் சம்பளம் 36,400 பவுண்டு, வாரம் ஐந்து நாள் வேலை என்றால் ஒரு நாளுக்கு 140 பவுண்டு. ஆண்டு விடுமுறை 5.6 வாரம், அதாவது 28 நாள். விடுமுறை ஆண்டு ஜனவரியில் தொடங்கி, ஜூன் 30 அன்று அவர் விலகினால் சேர்ந்தது 14 நாள். சம்பளத்தோடு விட்ட வங்கி விடுமுறை (அரசு பொது விடுமுறை நாள்) ஐந்து, அவராக எடுத்தது நான்கு என்று வைத்துக்கொள்வோம். மீதி ஐந்து நாளுக்கு 700 பவுண்டு பாக்கி. அந்த 28-க்குள் வங்கி விடுமுறையும் அடக்கமா என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், 700-ஆ 1,400-ஆ என்ற வாக்குவாதம் கட்டாயம் வரும். சேர்ந்த நாள்களைச் சொல்ல அரசு இணையதளத்தில் தனிக் கணிப்பான் இருக்கிறது. எடுத்த நாள்களை நீங்கள்தான் குறித்துவைத்திருக்க வேண்டும். பாக்கி நாள்களை நோட்டீஸ் காலத்திலேயே எடுக்கச் சொல்லவும் வழியுண்டு. எத்தனை நாளோ அதைப் போல இரு மடங்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும்: ஐந்து நாளுக்குப் பத்து நாள்.

இந்த 700-ஐக் கடைசிச் சம்பளத்தோடு சேர்த்தே போடுங்கள். பி45 கொடுத்த பிறகு தனியாகக் கொடுத்தால் 0டி என்ற வரிக் குறியீட்டில், வரிவிலக்கு எதுவும் இல்லாமல் பிடித்தம் ஆகும். கையில் வரும் தொகை குறைந்ததைப் பார்த்து, முதலாளி ஏமாற்றிவிட்டார் என்று நேனி நினைப்பதில் வியப்பில்லை. இரண்டாவது பி45-ம் கொடுக்கக் கூடாது.

'வாரம் கையில் இவ்வளவு' என்று பேசி முடித்தவர்களுக்கு இந்த மென்பொருள் பொருந்தாது. அது பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தைத்தான் கேட்கும். வரிக் குறியீடு மாறி வரி கூடினால் அந்தச் சுமை உங்கள் தலையில் விழும். ஒப்பந்தத்திலேயே பிடித்தத்துக்கு முந்தைய தொகையை எழுதிவிடுவதுதான் இருவருக்கும் நியாயம்.

சொல்லாமல் நின்றுவிட்டார், சாவியைத் தரவில்லை என்று கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைப்பது தவறு. செய்த வேலைக்கும் சேர்ந்த விடுமுறைக்கும் பணம் கொடுத்தே ஆக வேண்டும். கூடுதலாக எடுத்த விடுமுறையைக் கழிப்பதற்கும் முன்கூட்டிய எழுத்து ஒப்புதல் வேண்டும். கழிக்கும் பெட்டியில் எண்ணைப் போட்டால் மென்பொருள் தடுக்காது என்பதால் அது சட்டப்படி சரியாகிவிடாது. குழந்தையை நம்பி ஒப்படைத்தவருக்குக் கடைசி மாதத்தில் இப்படிச் செய்வது மனத்துக்கும் சங்கடமானது.

இன்னொரு பெரிய குறை: பேசிக் பே டூல்ஸ் சம்பளச் சீட்டு தராது. சீட்டு கொடுப்பதோ சட்டக் கட்டாயம். விரிதாளில் நீங்களே தயாரித்து, சம்பளம், நோட்டீஸ் பணம், விடுமுறைப் பணம், வரி என்று ஒவ்வொன்றையும் தனி வரியில் காட்டுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். தரவு உங்கள் கணினியில் மட்டுமே இருப்பதால் ஒவ்வொரு முறையும் நகல் எடுத்துவைக்க வேண்டும்.

பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம், எழுத்தில் ஒப்பந்தம், ஒரே நேனி என்றிருந்தால் இது போதும். கையில் கிடைக்கும் தொகைக்குப் பேசியவர்களும், இரண்டு குடும்பமாக ஒரே நேனியைப் பகிர்பவர்களும், பிள்ளை பள்ளிக்குப் போவதால் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தவரை ஆள்குறைப்பாக அனுப்புபவர்களும் நேனிகளுக்கென்றே இருக்கும் கட்டணச் சம்பளச் சேவையை நாடுவது நல்லது. அப்போதும் தீராவிட்டால், வேலை தொடர்பான தகராறுகளில் ஆலோசனையும் சமரசமும் செய்யும் ஏகாஸ் அமைப்பின் இலவச உதவி எண்ணை இரு தரப்பும் அழைக்கலாம். வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போகும் முன் நேனி ஏகாஸின் சமரசத்துக்குப் பதிய வேண்டும்.