ஒபாமாகேரும் எதிர்த்திட்டமும்: செலவு யார் தலையில், நாட்காட்டி யார் கையில்

அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளும் மருத்துவக் காப்பீட்டைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டை போடுகின்றன. ஒருவர் ‘உரிமை’ என்கிறார், மற்றவர் ‘சுதந்திரம்’ என்கிறார். அந்தச் சொற்களின் வழியே போனால் எதுவும் பிடிபடாது. 64 வயதான ஒருவரின் பிரீமியத்தை இரண்டு திட்டங்களிலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் சண்டை எதற்கு என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

2010-இல் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்தான் ஒபாமாகேர். 2017 மார்ச்சில் குடியரசுக் கட்சி அதற்கு மாற்றாகத் தன் மசோதாவை, அதாவது எதிர்த்திட்டத்தை, கொண்டுவந்தது. எந்தக் கட்சியையும் சாராத காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகம் அந்த மசோதாவை அலசி, 2026-இல் ஒருவர் மானியம் போகக் கையிலிருந்து கட்டவேண்டிய ஆண்டு பிரீமியத்தை மதிப்பிட்டது. வருமானம், பிரீமியம் எல்லாம் டாலரில்:

வயது 64, வருமானம் 26,500: ஒபாமாகேரில் 1,700, எதிர்த்திட்டத்தில் 14,600.
வயது 64, வருமானம் 68,200: ஒபாமாகேரில் 15,300, எதிர்த்திட்டத்தில் 14,600.
வயது 21, வருமானம் 26,500: ஒபாமாகேரில் 1,700, எதிர்த்திட்டத்தில் 1,450.
வயது 21, வருமானம் 68,200: ஒபாமாகேரில் 5,100, எதிர்த்திட்டத்தில் 1,450.

இந்த நான்கு வரிகளுக்குப் பின்னால் இரண்டே விதிகள் இருக்கின்றன. முதலாவது வயது விகிதம். இளைஞரிடம் ஒரு டாலர் வாங்கினால் முதியவரிடம் மூன்று டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது ஒபாமாகேர். எதிர்த்திட்டம் அதை ஐந்தாக்கியது. இரண்டாவது, மானியத்தை எதை வைத்து அளப்பது என்பது. ஒபாமாகேர் வருமானத்தை வைத்து அளக்கிறது: அந்த ஊரில் கிடைக்கும் ‘சில்வர்’ எனும் நடுத்தரத் திட்டங்களில் இரண்டாவது மலிவானதை எடுத்து, அதற்கு நீங்கள் வருமானத்தில் இத்தனை விழுக்காடு கட்டினால் போதும், மீதி அரசினுடையது என்கிறது. பிரீமியம் ஏறினால் மானியமும் கூடவே ஏறும். எதிர்த்திட்டம் வயதை வைத்து அளந்தது: 30 வயதுக்குக் கீழே 2,000 டாலர், 60-க்கு மேலே 4,000 டாலர். ஏழைக்கும் நடுத்தர வருமானக்காரருக்கும் ஒரே தொகை; 75,000 டாலருக்கு மேல் சம்பாதித்தால்தான் குறையும். முதியவரின் முழுப் பிரீமியம் 19,500 டாலராகப் போகும், மானியம் விலைவாசியோடு கொஞ்சம் வளர்ந்து 4,900 ஆகும். மீதி 14,600 அவர் தலையில். 26,500 சம்பாதிக்கிறவர் 14,600 கட்ட மாட்டார். காப்பீடே வேண்டாம் என்று விட்டுவிடுவார்.

பிரீமியம் மட்டும் கதையைச் சொல்லிவிடாது. அந்த வருமானத்தில் ஒபாமாகேர் திட்டம் மருத்துவச் செலவில் சராசரியாக 87 விழுக்காட்டை ஏற்கும்; எதிர்த்திட்டத்தில் 65 விழுக்காடுதான். பிரீமியம் குறைந்த திட்டம் என்று விளம்பரம் வந்தால் இந்த எண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும். மருத்துவமனை வாசலில் கட்டும் பணம் அதில்தான் ஒளிந்திருக்கிறது.

குடியரசுக் கட்சியின் குறையையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். அது இரண்டாவது வரியிலும் நான்காவது வரியிலும் இருக்கிறது. வறுமைக்கோட்டின் 400 விழுக்காட்டைத் தாண்டியவருக்கு மூலச் சட்டத்தில் மானியமே கிடையாது. ஒரு டாலர் கூடுதலாகச் சம்பாதித்தாலும் முழுப் பிரீமியம் கட்ட வேண்டும். சொந்தத் தொழில் செய்யும் 60 வயதுத் தச்சரும் சிறுகடைக்காரரும் இந்தப் பள்ளத்தில் விழுந்தார்கள். மத்திய அரசின் ஹெல்த்கேர்.கவ் இணையதளம் வழியாகக் காப்பீடு விற்கும் மாநிலங்களில் 2017-ஆம் ஆண்டுக்கான சில்வர் பிரீமியம் சராசரியாக 20 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது, அந்த ஆண்டு நாட்டின் கவுண்டிகளில் (மாவட்டங்களில்) ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் ஒரே ஒரு காப்பீட்டு நிறுவனம்தான் மிஞ்சியது. இவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்துக்குக் கொடுத்த மருந்து இன்னொரு முதியவரின் சட்டைப்பையிலிருந்து எடுத்தது. நான் எதிர்த்திட்டத்தை ஏற்காததற்கு முதல் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கு தனிநபர் சந்தைக்கு, அதாவது தாமாகவே காப்பீடு வாங்குவோருக்கு, மட்டும் உரியது. அமெரிக்கர்களில் 15 கோடிக்கு மேற்பட்டோர் வேலை தரும் நிறுவனத்தின் காப்பீட்டில் இருக்கிறார்கள். அப்படி இருக்கும் அமெரிக்கத் தமிழர்களுக்கு இந்தச் சண்டை தொலைக்காட்சிச் செய்திதான். வேலை போன மறுமாதம் அது வீட்டுக்குள் வந்துவிடும்.

கட்டாயம் என்ற சண்டைக் கோழி

இரு கட்சிகளும் அதிகம் கத்தியது ‘எல்லோரும் காப்பீடு வாங்கியே தீர வேண்டும்’ என்ற விதிக்காக. வாங்காதவருக்கு 695 டாலர் அல்லது வருமானத்தில் 2.5 விழுக்காடு, எது கூடுதலோ அது அபராதம். இந்த யோசனை 1989-இல் வலதுசாரிகளின் ஹெரிட்டேஜ் அறக்கட்டளையிலிருந்து வந்தது. 1993-இல் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் சேஃபியின் மசோதாவில் இருந்தது. 2006-இல் அதே கட்சியின் ஆளுநர் மிட் ராம்னி மாசசூசெட்ஸில் கையெழுத்திட்ட சட்டத்திலும் இருந்தது. ஒபாமா எடுத்துக்கொண்ட பிறகு அதுவே அந்தக் கட்சிக்கு அரசின் அத்துமீறலாகிவிட்டது.

2017 டிசம்பரின் வரிச் சட்டம், 2019 முதல் அந்த அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. சந்தை சரியவில்லை. கட்டாயம் இல்லாவிட்டால் எல்லாம் இடிந்து விழும் என்ற ஜனநாயகக் கட்சியின் வாதமும், அதை நீக்கினால் மொத்தச் சட்டமும் தானாக உதிரும் என்ற எதிரணியின் நம்பிக்கையும் சேர்ந்தே பொய்த்தன. சந்தையைத் தாங்கியது மானியம். குச்சியை எடுத்த பிறகும் கரும்பு இருந்ததால் ஆட்கள் வந்தார்கள்.

மெடிகெய்டு: சத்தமில்லாத பெரும்பகுதி

ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை வறுமைக்கோட்டின் 138 விழுக்காடு வரை விரித்ததுதான் ஒபாமாகேரின் பெரிய வேலை. முதல் மூன்று ஆண்டுகள் முழுச் செலவும் மத்திய அரசுடையது, 2020 முதல் 90 விழுக்காடு. சட்டம் எழுதியவர்கள் எல்லா மாநிலங்களும் இதில் சேரும் என்று எண்ணியதால், மானியத்தை வறுமைக்கோட்டின் 100 விழுக்காட்டிலிருந்து தொடங்கினார்கள். 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் சட்டத்தைக் காப்பாற்றியது, ஆனால் விரிவாக்கத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. விளைவு: டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் ஆண்டுக்கு 20,000 டாலர் சம்பாதிக்கும் தனிநபருக்கு மானியம் உண்டு, பிள்ளை இல்லாத, 9,000 டாலர் மட்டுமே சம்பாதிக்கும் உடல் நலமுள்ளவருக்கு மெடிகெய்டும் இல்லை, மானியமும் இல்லை. சட்டத்தில் மாற்று வழி ஒன்றை ஒரே வரியில் எழுதியிருந்தால் இந்த ஓட்டை வந்திருக்காது.

எதிர்த்திட்டம் விரிவாக்கத்தைப் படிப்படியாக மூடி, தலைக்கு இவ்வளவு என்று மத்திய நிதிக்கு உச்சவரம்பு வைத்தது. பத்தாண்டில் மெடிகெய்டிலிருந்து 800 பில்லியன் டாலருக்கு மேல் குறையும் என்பது மதிப்பீடு. கூடவே, உயர் வருமானக்காரர்களின் முதலீட்டு வருவாய் மீதான 3.8 விழுக்காடு வரியும் நீங்கும். எங்கிருந்து எடுத்து எங்கே வைக்கிறார்கள் என்பது இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் மசோதாக்கள் அரிது. ஒஹையோவின் ஜான் கேசிக், நெவாடாவின் பிரையன் சாண்டோவல் போன்ற குடியரசுக் கட்சி ஆளுநர்களே எதிர்த்தார்கள். விரிவாக்கத்தை ஏற்ற மாநிலங்கள் அவர்களுடையவை.

அதிபர்கள் செய்ததும் செய்யத் தவறியதும்

நல்ல பேச்சு சட்டத்தை நிறைவேற்றும் என்ற நம்பிக்கையை இந்த வரலாறு தாங்காது. 1993 செப்டம்பர் 22 அன்று பில் கிளின்டன் காங்கிரஸில் பேசியபோது திரையில் தவறான உரை ஓடியது. சில நிமிடங்கள் நினைவிலிருந்தே பேசினார், அருமையாகப் பேசினார். ஓராண்டு கழித்து அவருடைய திட்டம் எந்த அவையிலும் வாக்கெடுப்புக்கே வராமல் செத்தது.

கிளின்டனின் பிழை வேலையின் வரிசையில் இருந்தது. ஹிலாரி கிளின்டன் தலைமையில் நூற்றுக்கணக்கானோர் மூடிய அறைகளில் மாதக்கணக்கில் உட்கார்ந்து 1,342 பக்க மசோதாவை எழுதினார்கள். நவம்பரில் அது காங்கிரஸுக்குப் போனபோது முதல் ஆண்டு முடிந்துவிட்டது. இடையில் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்துக்கான சண்டை வேறு. பிரீமியத்தில் 80 விழுக்காட்டை முதலாளிகள் கட்ட வேண்டும் என்றதால் சிறுதொழில்கள் திரண்டு எதிர்த்தன. காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம், சமையலறையில் கணவனும் மனைவியும் கவலைப்படும் விளம்பரங்களை ஓட்டியது. செனட்டில் எதிரணியின் தடையை மீற வழக்கமாக 60 வாக்கு வேண்டும்; பட்ஜெட் மசோதா வழியில் 51 வாக்கில் முடித்துவிடலாம் என்ற யோசனையை, கிளின்டன் கட்சியின் மூத்த செனட்டர் ராபர்ட் பேர்டே மறுத்துவிட்டார்.

ஒபாமா இதன் மறுபக்கத்தைப் பிடித்தார். மசோதாவைக் காங்கிரஸே எழுதட்டும் என்று விட்டார். மருந்து நிறுவனங்களோடு முன்கூட்டியே பேசி, பத்தாண்டில் 80 பில்லியன் டாலர் விட்டுக்கொடுக்க வைத்து, எதிர் விளம்பரம் வராமல் பார்த்துக்கொண்டார். விலை கொடுத்துத்தான் இதைச் செய்தார்: மருந்து விலையை அரசு பேரம் பேசும் உரிமை அந்தச் சட்டத்தில் இல்லாமல் போனது. ஜனநாயகக் கட்சி செனட்டர் மேக்ஸ் பாக்கஸின் ஆறு பேர் குழு குடியரசுக் கட்சி ஆதரவைத் தேடி 2009 கோடை முழுவதையும் தின்றது. கடைசியில் செனட் நிதிக் குழுவில் அக்கட்சியின் ஒலிம்பியா ஸ்னோ மட்டும் ஒரு வாக்குக் கொடுத்தார். செனட்டின் இறுதி வாக்கெடுப்பில் அவரும் இல்லை. டிசம்பர் 24 அன்று செனட்டில் 60-39. ஜனவரி 19 அன்று மாசசூசெட்ஸ் இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் வென்றார், 60 என்பது 59 ஆனது.

ஒரு அதிபரின் தலைமை என்று சுட்டிக்காட்ட முடிந்தால் அது அடுத்த ஒன்பது வாரங்கள்தான். சின்ன மசோதாவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்ற ஆலோசனையை ஒபாமா ஏற்கவில்லை. செனட் மசோதாவை அப்படியே பிரதிநிதிகள் சபை ஏற்பது, திருத்தங்களைத் தனியாக 51 வாக்கு வழியில் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. சபைத் தலைவர் நான்சி பெலோசி ஆள் ஆளாக எண்ணினார். மார்ச் 21 அன்று 219-212. குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்கும் இல்லை.

நாட்காட்டியில் அவர் தோற்றார். பத்தாண்டுச் செலவை 900 பில்லியன் டாலரை ஒட்டி வைக்க வேண்டும் என்பதற்காக மானியமும் மெடிகெய்டு விரிவாக்கமும் 2014-க்குத் தள்ளப்பட்டன. பலன் கைக்கு வருமுன்பே 2010 தேர்தல் வந்து பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களைக் கொண்டுபோனது. ‘பிடித்த திட்டத்தை வைத்துக்கொள்ளலாம்’ என்ற வாக்குறுதி 2013-இல் வீடுகளுக்கு ரத்துக் கடிதங்கள் வந்தபோது உடைந்தது; எந்தத் தனிநபர் சந்தைச் சட்டமும் காப்பாற்ற முடியாத வாக்குறுதி அது, கொடுத்திருக்கவே கூடாது.

டிரம்ப் 2017-இல் பொறுப்பை சபைத் தலைவர் பால் ரயனிடமும் செனட்டில் கட்சித் தலைவரான மிட்ச் மெக்கானலிடமும் விட்டார். ஒபாமாவும் காங்கிரஸிடம்தான் விட்டார். வித்தியாசம் என்னவென்றால், எது போனாலும் எது போகக் கூடாது என்று ஒபாமாவுக்குத் தெரியும். டிரம்ப் ‘எல்லோருக்கும் காப்பீடு’ என்று சொல்லிவிட்டு, 2.3 கோடிப் பேர் காப்பீடு இழப்பார்கள் என்று மதிப்பிடப்பட்ட மசோதாவை ஆதரித்தார். அந்த மதிப்பீடு வருமுன்பே மே 4 அன்று சபை 217-213 என்று நிறைவேற்றியது. செனட்டில் 51 வாக்கு வழிக்கு ஒரு தடை உண்டு: பட்ஜெட்டைத் தொடாத காப்பீட்டு விதிகளை அதில் மாற்ற முடியாது. ஆகவே மசோதா வெட்டப்பட்டு வெட்டப்பட்டு ஜூலை 28 நள்ளிரவுக்குப் பின் எலும்பாக வந்தது. சொந்தக் கட்சியின் காலின்ஸ், முர்கோவ்ஸ்கி, மெக்கெய்ன் எதிர்க்க, 49-51 என்று தோற்றது.

பிறகு டிரம்ப் நிர்வாக அதிகாரத்தால் குத்த முயன்றார். ஏழைகள் கையிலிருந்து கட்டும் மருத்துவச் செலவைக் குறைக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்த பணத்தை அக்டோபரில் நிறுத்தினார். நிறுவனங்கள் அந்த இழப்பைச் சில்வர் திட்டங்களின் விலையில் ஏற்றின. மானியம் சில்வர் விலையோடு கட்டப்பட்டிருப்பதால் அதுவும் ஏறியது. பல ஊர்களில் மலிவான ‘வெண்கல’ (bronze) திட்டம் பூஜ்ய பிரீமியத்துக்கு வந்துவிட்டது. அடிபட்டவர்கள் மானியம் இல்லாத நடுத்தர வருமானக்காரர்கள், அதாவது யாருக்காகக் கட்சி பேசியதோ அவர்களே.

2017-இல் தோற்றது 2025-இல் ஏன் நடந்தது?

ஜூலை 4, 2025 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டத்தில் ‘ஒபாமாகேர் நீக்கம்’ என்ற சொல்லே இல்லை. மெடிகெய்டு விரிவாக்கத்தில் சேர்ந்த 19 முதல் 64 வயதினர் மாதம் 80 மணி நேர வேலையோ படிப்போ தொண்டோ காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது. மாநிலங்கள் அதை நடைமுறைப்படுத்த வேண்டிய கெடு 2027 ஜனவரி 1. காங்கிரஸுக்கான இடைக்காலத் தேர்தல் 2026 நவம்பரில். ஒபாமா பலனைத் தேர்தலுக்குப் பின்னால் தள்ளினார், இவர்கள் வலியைத் தள்ளியிருக்கிறார்கள்.

பைடன் காலத்து ஜனநாயகக் கட்சியும் நாட்காட்டியில் சறுக்கியது. 400 விழுக்காட்டுப் பள்ளத்தை 2021-இல் அவர்கள் மூடினார்கள்: யாரும் வருமானத்தில் 8.5 விழுக்காட்டுக்கு மேல் கட்ட வேண்டாம். சேர்ந்தவர்கள் எண்ணிக்கை 1.2 கோடியிலிருந்து 2.4 கோடியானது. ஆனால் செலவுக் கணக்கைச் சிறிதாகக் காட்ட அதை முதலில் இரண்டு ஆண்டுகளுக்கும், 2022-இல் நீட்டித்தபோது 2025 இறுதிவரையும் மட்டும் எழுதினார்கள். அந்தத் தேதிக்காகத்தான் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசு முடங்கியது, நீட்டிப்பு கிடைக்கவில்லை.

வேலை விதி எப்படித் தவறாகப் போகும் என்பதற்கு முன்மாதிரி உண்டு. 2018-இல் ஆர்கன்சா இதையே முயன்றது. வேலை நேரத்தை இணையத்தில் மட்டுமே பதிவு செய்ய வேண்டும் என்று தொடங்கினார்கள், இரவு 9 மணிக்கு மேல் தளம் மூடிவிடும். சில மாதங்களில் 18,000-க்கு மேற்பட்டோர் மெடிகெய்டை இழந்தார்கள்; அவர்களில் பலர் வேலையில் இருந்தவர்களே, படிவம்தான் போய்ச் சேரவில்லை. 2019 மார்ச்சில் நீதிமன்றம் நிறுத்தியது. இப்போது இதை நடத்தப்போகும் ஒவ்வொரு மாநிலத்திடமும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: சம்பளப் பதிவேட்டிலிருந்து மணிக்கணக்கை மாநிலமே எடுத்துக்கொள்ளுமா, தொலைபேசியிலும் தாளிலும் பதிய முடியுமா, ஒரு மாதம் தவறினால் நீக்குவதற்கு முன் எத்தனை நாள் அவகாசம்.