ஏழு ஆண்டுகள், ஐந்து பயணங்கள்: போர்டு கேம் விழாக்களுக்குப் போனதில் எனக்கு என்ன மிச்சம்?

முதல் விழாவிலிருந்து 11 ஆட்டப் பெட்டிகளோடு திரும்பினேன். அவற்றில் இன்று என் அலமாரியில் இருப்பவை மூன்று. இரண்டைப் பிரிக்கவே இல்லை. மேலுறையோடு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். ஐந்தாவது பயணத்தில் வாங்கியவை இரண்டே இரண்டு. ஆனாலும் கொடுத்த பணத்துக்குத் தகுந்த பயணம் எது என்று கேட்டால் அந்த ஐந்தாவதைத்தான் சொல்வேன். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டது முழுவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது.

போகலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் எந்த வகை விழா என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1983-இல் தொடங்கி, அக்டோபர் மாதங்களில் நடந்துவரும் ‘ஷ்பீல்’ அடிப்படையில் ஒரு பெரிய சந்தை. 2019-இல் அங்கே வந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். பதிப்பாளர்கள் தங்கள் புதிய ஆட்டங்களை அந்த நான்கு நாள்களை மனத்தில் வைத்தே அச்சுக்கு அனுப்புகிறார்கள். ஸ்டாலில் ஒரு மேசை காலியாகும்வரை நின்று, இடம் கிடைத்ததும் உட்கார்ந்து ஆடிப் பார்க்க வேண்டும். மாலையில் அரங்கம் மூடிவிடும். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 2003 முதல் நடக்கும் ‘ஜென் கான்’ வேறு வகை. அங்கே நுழைவு அட்டை தனி, ஒவ்வோர் ஆட்ட நிகழ்ச்சிக்கும் டிக்கெட் தனி. விற்பனைக் கூடம் மூடிய பிறகும் ஆட்டங்கள் நள்ளிரவு தாண்டி நடக்கும். மூன்றாவது வகை சின்ன விழாக்கள்: சில நூறு பேர், ஒரு ஹோட்டலின் இரண்டு மூன்று கூடங்கள், ஆட்டங்களை இரவல் தரும் ஒரு நூலகம், நாள் முழுவதும் மேசைகள். என் மனம் இந்த மூன்றாவது வகையின் பக்கம்தான்.

நான் முதலில் போனது சந்தை வகைக்கு. பார்க்க வேண்டிய ஆட்டங்கள் என்று 40 பெயர்களை எழுதிக்கொண்டு போனேன். நான்கு நாள்களில் ஆடியது ஆறு. முடிவுவரை ஆடியது ஒன்றுகூட இல்லை. ஸ்டாலில் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவருக்கு அடுத்த நால்வர் காத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று சுற்றுகள் ஆனதும் எழுந்துகொள்ளத்தான் வேண்டும். அது அவர் தவறல்ல. ஆனால் முதல் இரண்டு சுற்றுகளில் எந்த ஆட்டமும் அழகாகத்தான் தெரியும். எல்லா வழியும் திறந்திருக்கும், எல்லோரும் சமமாக இருப்பார்கள், மரத்தில் செய்த காய்கள் புத்தம் புதிதாக மின்னும். ஆட்டத்தின் தரம் வெளிப்படுவது கடைசி மூன்றில் ஒரு பங்கில். முந்திப்போனவரைப் பிடிக்க வழி இருக்கிறதா, தோற்பவருக்கு உட்கார்ந்திருக்க ஒரு காரணம் இருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அந்தப் பகுதியைப் பார்க்காமல் வாங்கிய எட்டுப் பெட்டிகள் வீட்டைவிட்டுப் போனதில் ஆச்சரியம் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை சில மாதங்களில் சாதாரணக் கடைகளுக்கே வந்துவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். வாங்குவதற்காக மட்டும் பயணம் போவது வீண். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த ஆண்டு சின்ன விழா ஒன்றுக்குத் தனியாகப் போனேன். அங்கே மேசைமேல் நிறுத்திவைக்கச் சிறு கொடிகள் கொடுத்தார்கள். ஒரு நிறம் ‘ஆட ஆள் தேவை’ என்பதற்கு, இன்னொன்று ‘சொல்லிக்கொடுக்க ஆள் தேவை’ என்பதற்கு. இரவு பதினொரு மணி இருக்கும். நூலகத்திலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்து, விதிப் புத்தகத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது கொடியை நிறுத்திய ஐந்தாவது நிமிடம் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். விதிகளை வரிசையாகச் சொல்லவில்லை. “இந்த ஆட்டத்தில் கடைசியில் எல்லோருக்கும் மரம்தான் போதாமல் போகும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்” என்று தொடங்கினார். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து மற்ற விதிகள் எல்லாம் தாமாக விளங்கின. இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள். இரண்டரை மணி நேரம் போனதே தெரியவில்லை. ஆட்டத்தை எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். வீட்டுக்கு வரும் புதியவர்களுக்கு இன்றும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த மேசையில் இருந்தவர்களில் இருவரும் நானும் ஆறு ஆண்டுகளாக இணையம்வழி வாரம் ஒருமுறை ஆடிவருகிறோம்.

விழா என்பதே இதற்காகத்தான் பிறந்தது என்று நினைக்கிறேன். 1968-இல் கேரி கைகாக்ஸ் என்ற விளையாட்டு ஆர்வலர் தொடங்கிய முதல் ஜென் கான், அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. அந்த ஊர்ப் பெயரிலிருந்துதான் விழாவுக்கும் பெயர் வந்தது. அடுத்த ஆண்டு விழாவுக்கு டேவ் ஆர்னசன் என்ற இளைஞர் வந்தார். இருவரும் அங்கே அறிமுகமானார்கள். ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு கதைப் பாத்திரமாக மாறி ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-இல் வெளிவந்தது; அது அந்த அறிமுகத்தில் விளைந்தது. ஒரே மாதிரி ஆர்வம் கொண்ட இருவர் வெவ்வேறு ஊர்களிலிருந்து புறப்பட்டு வந்து ஒரு மேசையில் சந்திக்காமல் இருந்திருந்தால் அந்த விளையாட்டு வேறு எப்படி உருவாகியிருக்கும்?

அச்சேறாத ஆட்டங்களைச் சோதித்துப் பார்க்கும் பகுதி பல விழாக்களில் உண்டு. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் இரண்டு பயணங்களில் அப்படித்தான் தாண்டிப் போனேன். மூன்றாவது பயணத்தில், மழைக்கு ஒதுங்குவதுபோலக் கூட்டத்துக்கு ஒதுங்கி அங்கே உட்கார்ந்தேன். எதிரே ஓர் இளம்பெண். பென்சிலால் எழுதிய அட்டைகள், வேறு ஆட்டத்திலிருந்து இரவல் வாங்கிய காய்கள். ஆடி முடித்ததும் குறிப்பேட்டைத் திறந்து, “எந்த இடத்தில் சலிப்புத் தட்டியது?” என்று கேட்டார். நான்காவது சுற்றுக்குப் பிறகு முதலில் இருப்பவரை யாராலும் தொட முடியவில்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. இருவருமாக அட்டைகளை மறுபடி பரப்பி, எங்கே முடிச்சு என்று தேடினோம். அந்த முக்கால் மணி நேரத்தில் ஆட்டம் எப்படிக் கட்டப்படுகிறது என்பது புரிந்த அளவுக்கு, வாங்கிய பெட்டிகள் எதிலும் எனக்குப் புரிந்ததில்லை. உங்களால் ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால் அதை அங்கே செலவிடுங்கள்.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளுக்கு முன்பதிவு செய்தால் பெரும்பாலும் நான்கு மணி நேரம் ஒதுக்குவார்கள். அந்த நேரம் எப்படிப் போகும் என்பது கதையை நடத்துபவரைப் பொறுத்தது. ஒருமுறை நடத்துபவர் தாமதமாக வந்து கதையைத் தாளிலிருந்து படித்தே முடித்தார். இன்னொரு முறை ஆறு அந்நியர்கள் ஒரு கற்பனைப் பாத்திரத்தின் சாவுக்குக் கண் கலங்கினோம். இரண்டும் ஒரே விலை.

செலவில் பெரும்பங்கை எடுப்பது நுழைவுக் கட்டணமல்ல, தங்கும் அறை. பெரிய விழாக்களில் அரங்கத்தை ஒட்டிய அறைகளைப் பதிவு செய்வதே பெரும் பாடு; ஜென் கானில் யாருக்கு எந்த நேரத்தில் பதிவுக் கதவு திறக்கும் என்பதைக் குலுக்கல் போலத்தான் தீர்மானிக்கிறார்கள். நடந்துபோகும் தொலைவில் அறை கிடைக்காவிட்டால் இரவு ஆட்டங்கள் கையைவிட்டுப் போகும், மதியம் சாய்ந்துகொள்ள இடம் இருக்காது. அப்படி ஒருமுறை தொலைவில் தங்கிவிட்டு, பாதி விழாவைத்தான் பார்த்தேன். அறை கிடைத்த பிறகே மற்றவற்றை முடிவு செய்கிறேன்.

உடம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நூறு மேசைகளின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி இரண்டாம் நாளே தொண்டை கட்டும். ஐந்து பயணங்களில் மூன்று முறை சளியோடு திரும்பினேன். திரும்பிய மறுநாள் வேலைக்குப் போகும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். இரைச்சலும் நெரிசலும் ஆகாதவர்கள் பெரிய அரங்குகளைத் தவிர்த்துவிடலாம். அவர்களுக்குச் சின்ன விழா போதும், சொல்லப்போனால் அதுவே மேல். ஆடுவதற்கு வீட்டில் நிலையான கூட்டு இருக்கிறது, புதியவர்களோடு உட்காரப் பிடிக்காது என்பவர்கள் அந்தப் பணத்தில் நண்பர்களை வீட்டுக்கு அழைத்து இரண்டு நாள் ஆடலாம்.

மற்றவர்களுக்கு என் பதில்: போங்கள். நாளுக்கு ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். மீதி நேரம் காலியாக இருக்கட்டும்.

ஐந்தாவது பயணத்தில் வாங்கிய இரண்டு பெட்டிகளில் ஒன்று அந்தப் பென்சில் அட்டை ஆட்டம். இப்போது வண்ணப் படங்களோடு அச்சாகியிருக்கிறது. நான்காவது சுற்றின் முடிவில் முதலிடத்தில் இருப்பவர் தன் அட்டைகளில் ஒன்றைக் கடைசியில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி மாறியிருக்கிறது. விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், சோதித்துப் பார்த்தவர்கள் வரிசையில், என் பெயரும் இருக்கிறது.