தி ஆர்டினரி லாக்டிக் ஆசிட் 5%: வறண்ட முகத்துக்குச் சரிவருமா?

வறண்ட சருமக்காரர்களில் பாதிப்பேர் முகத்தில் செத்த தோலை உதிர்க்கப் போடும் ஆசிட் என்ற பேரைக் கேட்டாலே ஓடுகிறார்கள். மீதிப்பேர் நேரே போய் தி ஆர்டினரி கம்பெனியின் ரத்தச் சிவப்பு பீலிங் சொல்யூஷனை வாங்கிப் பூசிக்கொள்கிறார்கள். அதில் 30 சதவீதம் ஏஹெச்ஏ (லாக்டிக், கிளைகாலிக் மாதிரியான ஆசிட் வகை), கூடவே 2 சதவீதம் சாலிசிலிக் ஆசிட், 10 நிமிஷத்துக்கு மேல் முகத்தில் விடக்கூடாது, நம் தோலுக்கு அது வேண்டவே வேண்டாம். நான் பயன்படுத்துவது அவர்களுடைய லாக்டிக் ஆசிட் 5% + ஹெச்ஏ (ஈரம் பிடிக்கும் ஹையலூரானிக் ஆசிட்). கழுவின கொஞ்ச நேரத்திலேயே இழுத்துப் பிடிக்கிற முகம் எனக்கு, போதாததற்கு நாள் முழுக்க ஏசி. மூக்கோரத்திலும் தாடையிலும் தோல் செதில் செதிலாக நிற்கும், மேலே ஃபவுண்டேஷன் போட்டால் அங்கே மட்டும் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும்.

அந்தச் செதில் போய்விட்டது. வறட்சி அப்படியேதான் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. உதிர வேண்டிய செத்த செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பிணைப்பைத் தளர்த்துவதுதான் ஆசிட்டின் வேலை, ஈரத்தை வெளியே விடாமல் காப்பது மாய்ஸ்சரைசர். ஆசிட் போட்ட மறுநாள் முகம் வழவழவென்று இருக்கிறதே என்று மாய்ஸ்சரைசரைக் குறைத்தால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

ஏன் லாக்டிக்? கிளைகாலிக் இதைவிடச் சின்ன மூலக்கூறு, சுருக்கென்று உள்ளே இறங்கும், எரிச்சலும் அதற்கேற்ப. சாலிசிலிக் எண்ணெயில் கரைவது, பரு வரும் எண்ணெய்ச் சருமத்துக்குத்தான் அதிகம் உதவும். லாக்டிக் நம் தோலில் இயற்கையாகவே ஈரம் பிடித்து வைக்கும் பொருள்களில் ஒன்று, அதனால் வறண்ட முகத்துக்கு மூன்றில் இதுவே சாது. "தயிரிலும் அதுதானே இருக்கு" என்று வீட்டில் கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் சுமார் ஒரு சதவீதம், பிஎச்சும் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 4-க்கு மேல். இந்த பாட்டிலின் பிஎச் 3.6 முதல் 3.8 வரை, அந்த அளவில் பாதிக்கு மேல் லாக்டிக் வேலை செய்யும் வடிவத்தில் இருக்கும். அதனால் சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பிஎச் எவ்வளவு என்று சொல்லாத ஆசிட்டை நான் தொடுவதில்லை. (எலுமிச்சைச் சாறு பிஎச் 2 பக்கம். அதை முகத்தில் தேய்க்கச் சொல்லும் ரீல்ஸை எல்லாம் யார்தான் பார்க்கிறார்களோ!)

கடையில் நின்ற பெண் "அக்கா, 10 பர்சன்ட் எடுத்துக்கோங்க, சீக்கிரம் ரிசல்ட் வரும்" என்று விடாமல் சொன்னாள். வறண்ட முகத்துக்கு முதல் பாட்டிலே 10 என்று விற்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, 5-ஐயே வாங்கி வந்தேன்.

போடும் விதம்: முதலில் தாடைக்குக் கீழே கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள். அப்புறம் வாரத்துக்கு ஒரு ராத்திரி, ஒத்துக்கொண்டால் இரண்டு, அதற்கு மேல் நம் தோலுக்குத் தேவையில்லை. முகம் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள், ஈர முகத்தில் போட்டால் அதிகம் சுர்ரென்னும். உதட்டோரம், மூக்கு மடிப்பு, கண்ணோரம் மூன்றிலும் முன்னாடியே வாஸலின். ரொம்ப வறண்ட முகமென்றால் முதலில் மெல்லிசாக மாய்ஸ்சரைசர், அதற்கு மேல் ஆசிட், திரும்பவும் மாய்ஸ்சரைசர். வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும். அன்றைக்கு ரெட்டினாலோ அடாபலினோ (வைட்டமின் ஏ வகைப் பூச்சுகள்) வேண்டாம், ஸ்க்ரப்பும் கடலைமாவுத் தேய்ப்பும் கூட வேண்டாம். த்ரெடிங், வாக்சிங் செய்தால் இரண்டு மூன்று நாள் ஆசிட்டையே மறந்துவிடுங்கள். அப்பர் லிப் எடுத்த அன்று ராத்திரி இதைப் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நிமிஷம் லேசாகக் குறுகுறுத்தால் பரவாயில்லை. எரிந்தால் உடனே கழுவுங்கள். மறுநாள் சிவப்பு இருந்தாலோ, தோல் கண்ணாடி மாதிரி பளபளத்து இறுகினாலோ, தினமும் போடும் சாதாரண க்ரீமே எரிந்தாலோ, ஈரத்தை உள்ளே காக்கும் தோலின் தடுப்பு அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மைல்டான க்ளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் மட்டும், எரிச்சல் முழுக்க அடங்கும் வரை. நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது இன்னும் முக்கியம், எரிச்சல் அடங்கினாலும் அந்த இடத்தில் கருமை மாதக்கணக்கில் நிற்கும். எக்ஸிமா இருந்தால் தோல் டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

சன்ஸ்க்ரீன் போடும் பழக்கம் இல்லாதவர்கள் இதை வாங்காதீர்கள். ஏஹெச்ஏ போட்ட தோல் வெயிலில் சீக்கிரம் பாதிக்கப்படும், நிறுத்திய பிறகும் ஒரு வாரம் கவனமாக இருக்கச் சொல்லி லேபிளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. சென்னை வெயிலில் எஸ்பிஎஃப் 50, நடுப்பகலில் திரும்பவும் ஒரு தடவை.

கொஞ்சம் பிசுபிசுப்பு உண்டு, ராத்திரி போடுவதால் எனக்குத் தொந்தரவில்லை. முகத்துக்கு மட்டும் என்றால் 30 மில்லி ரொம்ப நாள் வரும், ஒரு தடவைக்கு நாலைந்து சொட்டு போதும். கை கால் வெடிப்புக்கும் சேர்த்து இதையே வாங்க நினைக்காதீர்கள், கட்டுப்படியாகாது. அதற்கு மெடிக்கல் ஷாப்பில் 10 சதவீத யூரியா க்ரீம் கேளுங்கள்.